பாடமாக்கிய மூன்று வசனங்கள்: ஒரு குடும்ப இணைவு விசா வழக்கு

2012 ஜனவரியில் அங்காராவில் உள்ள ஜேர்மன் தூதரகம் ஒரு துருக்கியப் பெண்ணுக்கு மறுபடியும் விசா இல்லை என்றது. ஜேர்மனியில் இருந்த கணவரிடம் போவதற்காக அவர் கேட்ட விசா அது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆகவே சட்டம் கேட்கும் அளவுக்கு ஜேர்மன் மொழியும் தெரியாது என்பதே தூதரகம் சொன்ன காரணம். இத்தனைக்கும் அவர் ஏ1 என்ற ஆரம்பநிலை ஜேர்மன் மொழிச் சான்றிதழைக் கொடுத்திருந்தார். ஜேர்மன் மொழி கற்பிக்கும் கோத்தே நிறுவனத்தின் பரீட்சையில் நூற்றுக்கு 62 புள்ளி எடுத்திருந்தார். 60 எடுத்தால் சித்தி.

வழக்கு பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போனது. அங்கிருந்து லக்சம்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்குக் கேள்வியாக அனுப்பப்பட்டு, 2014 ஜூலை 10ஆம் திகதி தீர்ப்பு வந்தது. வழக்கு இலக்கம் சி-138/13. அந்தப் பெண்ணின் பெயர் தீர்ப்பில் இருக்கிறது, இங்கே அது வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்தோ திருச்சியிலிருந்தோ ஜேர்மனிக்குத் துணையை அழைக்க நினைக்கிறவர்கள் இந்த வழக்கைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இன்று ஜேர்மன் சட்டத்தில் இருக்கும் ஒரு விதிவிலக்கு இவர் விடாமல் நின்றதால் வந்தது.

குடும்பமும் விண்ணப்பமும்

கணவர் 1998 முதல் ஜேர்மனியில் இருக்கிறார். ஒரு நிறுவனத்தை நடத்துகிறார், அதன் பெரும்பங்கும் அவருடையதே. காலவரையறை இல்லாத வதிவிட அனுமதி இருந்தது. அவருக்கும் மனைவிக்கும் 1988க்கும் 1993க்கும் இடையில் பிறந்த நான்கு பிள்ளைகள். உழைப்பு இருக்கிறது, அனுமதி இருக்கிறது, கல்யாணம் உண்மையானதா என்று சந்தேகிக்க நான்கு பிள்ளைகள் பெற்ற தம்பதியிடம் எதுவும் இல்லை. குடும்ப இணைவு விண்ணப்பம் என்று பார்த்தால் இதைவிடச் சிக்கலற்ற கோப்பு கிடைப்பது அரிது.

2011 ஜனவரியில் அந்தப் பெண் தனக்கும் பிள்ளைகளில் இருவருக்கும் விண்ணப்பித்தார். மார்ச்சில் மறுப்பு வந்தது. அதை எதிர்த்து அவர் வழக்குப் போடவில்லை. ஜூலையில் தனக்கு மட்டும் மறுபடி விண்ணப்பித்தார். ஒக்டோபரில் மறுபடி மறுப்பு. நவம்பரில் சட்டத்தரணி மூலம் தூதரகத்துக்கே மறுபரிசீலனை மனு அனுப்பினார். தூதரகம் தன் பழைய முடிவை நீக்கிவிட்டுப் புதிய முடிவு ஒன்றைத் தந்தது. அதுவும் மறுப்புத்தான்.

இந்த ஒரு வருடத்தில் தடையாக நின்றது ஒரே ஒரு விதி. 2007 ஓகஸ்ட் 28ஆம் திகதி நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, ஜேர்மனியில் இருப்பவரின் துணை அங்கே போவதற்கு முன்பே, தன் சொந்த நாட்டில் இருந்துகொண்டே, ஜேர்மன் மொழியில் எளிய முறையிலாவது பேசிப் புரிந்துகொள்ள முடியும் என்று காட்டவேண்டும். ஐரோப்பிய மொழித்தரக் கணக்கில் அது ஏ1, ஆகக் கீழ்ப்படி. கட்டாயக் கல்யாணத்தைத் தடுக்கவும், வருகிறவர்கள் சமூகத்தோடு சேர்ந்து வாழவும் இது உதவும் என்றது அரசு. மொழி தெரியாத பெண் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடப்பாள், உதவி கேட்கக்கூட முடியாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மொழியை எங்கே வைத்துப் படிப்பது சுலபம்? ஜேர்மனிக்கு வந்தபின் ஒருங்கிணைப்பு வகுப்பில் 600 பாடவேளை மொழியும் 100 பாடவேளை நாட்டு நடப்பும் சொல்லித்தருகிறார்கள். கடைக்குப் போனால் அந்த மொழி, பேருந்தில் ஏறினால் அந்த மொழி. அதையே அனத்தோலியக் கிராமத்தில் இருந்தோ வன்னியில் இருந்தோ படித்து முடித்துவிட்டு வா என்பது வேறு சங்கதி.

புள்ளித்தாள் சொல்வது

தூதரகத்தின் குற்றச்சாட்டை அப்படியே பார்ப்போம். பல தெரிவு வினாக்களில் அந்தப் பெண் கண்டபடி அடையாளமிட்டார். எழுத்துப் பகுதியில், முன்பே பாடமாக்கிய மூன்று பொது வசனங்களை அப்படியே எழுதிவைத்தார். ஆகவே சான்றிதழ் அவருடைய அறிவைக் காட்டவில்லை.

இந்தப் பரீட்சை எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழும். ஏ1இல் நான்கு பகுதிகள்: கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல். ஒவ்வொன்றுக்கும் 15 மூலப்புள்ளி, கடைசியில் நூற்றுக்கு மாற்றும்போது ஒவ்வொன்றும் 25 ஆகிறது. கேட்டலிலும் வாசித்தலிலும் அடையாளமிட்டால் போதும். சிலவற்றில் சரி, பிழை என இரண்டு தெரிவு. சிலவற்றில் மூன்று. எழுதுதலில் ஒரு படிவத்தில் ஐந்து இடங்களை நிரப்பவேண்டும், பிறகு முப்பது சொல்லளவில் ஒரு சிறு கடிதம். பேசுதலுக்குப் பரீட்சகர்கள் முன் குழுவாக உட்கார்த்துவார்கள். பெயர், வயது, நாடு, ஊர், மொழிகள், வேலை, பொழுதுபோக்கு என்று தன்னை அறிமுகம் செய்யவேண்டும், ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லவேண்டும், ஓர் இலக்கத்தைச் சொல்லவேண்டும். பிறகு அட்டையில் உள்ள சொல்லை வைத்துப் பக்கத்தில் இருப்பவரிடம் கேள்வி கேட்கவும், அவர் கேட்பதற்குப் பதில் சொல்லவும் வேண்டும்.

எழுத்துப் பகுதியில் அந்தப் பெண் எடுத்தது 25க்கு 14.11. மொத்தம் 62. கேட்டலிலும் வாசித்தலிலும் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு அடையாளமிட்டால் சராசரியாக எவ்வளவு வரும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பகுதிக்கும் சேர்த்து 50க்கு 22 அளவில் வரும். அதோடு 14ஐக் கூட்டினால் 36. 62ஐ எட்ட இன்னும் 26 வேண்டும். பேசுதலுக்கு முழுப்புள்ளியே 25தான்.

அதாவது, அவர் கண்டபடிதான் அடையாளமிட்டார் என்று ஒத்துக்கொண்டாலும், பேசுதலில் ஏறத்தாழ முழுப்புள்ளி வாங்காமல் அந்தச் சான்றிதழ் கிடைத்திருக்காது. அதிர்ஷ்டம் கொஞ்சம் உதவியிருக்கலாம். அப்படியும், பரீட்சகருக்கு முன்னால் உட்கார்ந்து ஜேர்மன் மொழியில் கேட்கவும் பதில் சொல்லவும் தெரியாத ஒருவரால் 62க்குப் போவது மிகக் கடினம். பேச்சில் அடையாளமிட இடமில்லை. எழுதத் தெரியாதவர் என்பதை மொழியே தெரியாதவர் என்று தூதரகம் எடுத்துக்கொண்டது.

எழுத்தறியாத ஒருவர் மூன்று ஜேர்மன் வசனங்களை எழுத்து வடிவத்தோடு பாடமாக்கித் தாளில் எழுதுவதற்கு எவ்வளவு நேரம் கொடுத்திருப்பார் என்பதையும் யோசிக்கவேண்டும். எங்கள் அம்மம்மாக்கள் சிலர் தங்கள் பெயரை மட்டும் எழுதப் பழகுவதற்குப் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். தாய்மொழியிலேயே பேனா பிடிக்காத கை அது. தூதரகத்துக்கு அது ஏமாற்று. எனக்கு அது பெருமுயற்சியாகத் தெரிகிறது.

ஜேர்மன் நீதிமன்றங்கள் அதுவரை இளகவில்லை. கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2010 மார்ச் 30ஆம் திகதி, ஐந்து பிள்ளைகளின் தாயான எழுத்தறியாத இன்னொரு துருக்கியப் பெண்ணின் வழக்கில், மொழி நிபந்தனை சரி, அதில் எழுத்தும் அடங்கும் என்று தீர்த்திருந்தது. ஆக இவருக்கு முன்னால் கதவு சாத்தியே இருந்தது.

லக்சம்பேர்க்கில் வென்ற வாதம்

வழக்கை வெல்லவைத்தது புள்ளிக் கணக்கு அல்ல. 1970 நவம்பர் 23ஆம் திகதி பிரசெல்ஸில் கையெழுத்தான ஓர் ஆவணம்.

ஜேர்மனி 1961இல் துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டது. 1963இல் துருக்கிக்கும் அன்றைய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்துக்கும் இடையில் அங்காரா உடன்படிக்கை வந்தது. 1970இல் கையெழுத்தானது அதன் மேலதிக நெறிமுறை. அந்த நெறிமுறையின் 41ஆம் பிரிவு, தொழில் நடத்தும் சுதந்திரத்துக்கும் சேவை வழங்கும் சுதந்திரத்துக்கும் இரு தரப்பும் இனிமேல் புதிய கட்டுப்பாடு எதுவும் கொண்டுவரக்கூடாது என்கிறது. இருக்கும் நிலையை மோசமாக்காதே என்ற உறுதி. அது 1973 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

கணவர் நிறுவனம் நடத்துகிறவர் என்பது இங்கேதான் கைகொடுத்தது. மனைவியைக் கூட்டிவர முடியாது என்றால் ஒரு துருக்கியர் ஜேர்மனியில் தொழில் நடத்துவதா, ஊருக்குத் திரும்புவதா என்று முடிவெடுக்க வேண்டிவரும், ஆகவே மனைவியின் விசா நிபந்தனை கணவரின் தொழில் சுதந்திரத்தையே தொடுகிறது என்று நீதிமன்றம் கண்டது. 2007இல் வந்த மொழி நிபந்தனை 1973க்குப் பிந்தியது. ஆகவே அது புதிய கட்டுப்பாடு.

பொதுநலனுக்காகப் புதிய கட்டுப்பாடும் நியாயமாகலாம் என்று ஜேர்மனி வாதிட்டது. கட்டாயக் கல்யாணத்தைத் தடுப்பதும் ஒருங்கிணைப்பை வளர்ப்பதும் அப்படிப்பட்ட நோக்கங்களே என்று வைத்துக்கொண்டாலும், சான்றிதழ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, அந்த ஆளின் நிலைமையைப் பார்க்காமல், விண்ணப்பத்தைத் தானாகவே தள்ளிவிடுவது அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டிப் போகிறது என்று நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது. பரீட்சை வைக்கலாம். ஆனால் ஒவ்வொருவரின் நிலைமையையும் பார்க்காமல் ஆளை நிராகரிக்கக் கூடாது.

குடும்ப இணைவு பற்றி உறுப்பு நாடுகள் பின்பற்றவேண்டிய 2003ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறியுரைக்கும் இந்த நிபந்தனை முரணா என்ற இரண்டாவது கேள்வியும் பெர்லினிலிருந்து போயிருந்தது. அதற்குப் பதில் தேவையில்லை என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. துருக்கியர் அல்லாத மற்ற எல்லோருக்கும் வேண்டியிருந்தது அந்தப் பதில்தான். ஒரு வருடம் கழித்து, 2015 ஜூலை 9ஆம் திகதி, நெதர்லாந்து வழக்கு ஒன்றில் அது பாதி கிடைத்தது. ஒருவர் அசர்பைஜானிலிருந்தும் மற்றவர் நைஜீரியாவிலிருந்தும் துணையிடம் போகக் கேட்டவர்கள். தூதரகத்தில் எழுதும் பரீட்சைக்கு ஒவ்வொரு தடவையும் 350 யூரோ, படிக்கும் பொதிக்கு 110 யூரோ. பரீட்சை வைப்பது தவறில்லை, ஆனால் அது குடும்பம் சேர்வதை முடியாத காரியமாகவோ மிகக் கடினமாகவோ ஆக்கக் கூடாது, இந்தக் கட்டணமும், விலக்குக் கொடுப்பதில் காட்டும் இவ்வளவு இறுக்கமும் அப்படி ஆக்குகின்றன என்று அதே நீதிமன்றம் தீர்த்தது.

இன்று யாருக்குப் பரீட்சை, யாருக்கு இல்லை

2015 ஓகஸ்டில் ஜேர்மனி தன் வதிவிடச் சட்டத்தின் 30ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கைச் சேர்த்தது. தனிப்பட்ட நிலைமையின் விசேட காரணங்களால் நாட்டுக்குள் வருமுன் மொழி படிக்க முயல்வது ஒருவருக்கு முடியாதது என்றாலோ, அவரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்றாலோ, நிபந்தனையை விட்டுவிடலாம். இது துருக்கியருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் பொருந்தும். உடல் நோய், மனநோய், மாற்றுத்திறன் காரணமாகப் படிக்க முடியாதவர்களுக்கான விலக்கு அதற்கு முன்பே இருந்தது.

மற்ற விலக்குகளைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமை வருகிறது. அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா, அவுஸ்திரேலியா, கனடா போன்ற சில நாட்டவர் ஜேர்மனியில் இருந்தால் அவர்களின் துணைக்குப் பரீட்சை இல்லை. உயர்தகைமை உள்ள வேலையாட்களுக்குக் கொடுக்கும் ஐரோப்பிய ஒன்றிய நீல அட்டை வைத்திருப்பவரின் துணைக்கும் இல்லை. சென்னையிலிருந்து மூனிச்சுக்கு நீல அட்டையில் போன மென்பொருள் பொறியியலாளரின் மனைவி ஒரு ஜேர்மன் சொல் தெரியாமல் போய்ச் சேரலாம். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழர் ஒருவர் டோர்ட்முண்டில் வேலை செய்தால், ஐரோப்பிய சுதந்திர நடமாட்டச் சட்டத்தின் கீழ் தன் மனைவியை யாழ்ப்பாணத்திலிருந்து பரீட்சை இல்லாமல் கூப்பிடலாம். அதே தெருவில், எண்பதுகளில் அகதியாக வந்து ஜேர்மன் குடியுரிமை பெற்ற குடும்பத்தின் பிள்ளை, அந்த நாட்டிலேயே பிறந்து படித்தவன், தன் மனைவியைக் கூப்பிட்டால் அவளுக்குப் பரீட்சை உண்டு. சொந்த நாட்டுக் குடிமகனின் குடும்பத்துக்கு அயல்நாட்டுக் குடிமகனின் குடும்பத்தைவிடக் குறைந்த உரிமை. கட்டாயக் கல்யாணத்தைத் தடுக்கத்தான் இந்த விதி என்றால், நீல அட்டைக்காரர் வீட்டில் மட்டும் அது நடக்காதா?

ஜேர்மன் குடிமக்களின் துணைகளுக்கு ஓர் ஆறுதல் லக்சம்பேர்க் தீர்ப்புக்கு முன்பே வந்திருந்தது. 2012 செப்டம்பர் 4ஆம் திகதி, ஆப்கானிஸ்தானைச் சேர்ந்த பெண் ஒருவரின் வழக்கில் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் ஓர் எல்லை போட்டது: முயன்று படித்தும் ஒரு வருடத்துக்குள் தேவையான அளவு வரவில்லை என்றால், அல்லது முயல்வதே அந்த ஆளுக்கு நியாயமாக எதிர்பார்க்க முடியாதது என்றால், விசா கொடுக்கவேண்டும். ஜேர்மன் குடிமகனைப் பார்த்து, உன் குடும்ப வாழ்க்கையை வேறு நாட்டில் நடத்து என்று அரசு சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது என்பதே அதன் அடிப்படை.

எங்கள் கோப்பில் இது எப்படி உதவும்

ஒரு வருடம் என்று நீதிமன்றம் சொன்னதை, ஒரு வருடம் சும்மா இருந்தால் விசா வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முயற்சியை நிரூபிக்கவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு கோத்தே நிறுவனத்துக்குச் சுமார் 400 கிலோமீட்டர். அங்கே தங்கிப் படிக்க முடியாததற்குக் காரணம் படுக்கையில் இருக்கும் மாமியார் என்றால் அவருடைய மருத்துவச் சான்று வேண்டும். கைக்குழந்தை என்றால் பிறப்புச் சான்றிதழ். ஊரில் தனியார் வகுப்புக்குப் போனால் வரவுப் பதிவும் காசு கட்டிய பற்றுச்சீட்டும். இணையவழியில் படித்தால் அதன் பதிவு. பள்ளிக்கூடம் எந்த வகுப்போடு நின்றது என்பதற்குப் பாடசாலையின் கடிதம். இவை எல்லாவற்றையும் திகதி வரிசையில் அடுக்கி, ஜேர்மன் மொழிபெயர்ப்போடு, ஏன் முடியவில்லை என்று ஒரு பக்கக் கடிதமும் வைத்து, விண்ணப்பத்தோடேயே கொடுக்கவேண்டும். மறுப்பு வந்தபிறகு தேடித் திரிவதில் காலம் போய்விடும். வயது போய்விட்டது, மொழி கஷ்டம் என்று பொதுவாக எழுதும் கடிதத்துக்குப் பலன் இல்லை. சட்டம் கேட்பது விசேட காரணம்.

சான்றிதழ் எடுத்தவர்களும் அதோடு நின்றுவிடக் கூடாது. தூதரகக் கருமபீடத்தில் இரண்டு கேள்வி ஜேர்மன் மொழியில் கேட்பதுண்டு. பரீட்சைக்கும் நேர்காணலுக்கும் இடையில் மாதங்கள் ஓடிவிடும், படித்தது மறந்துவிடும். உங்கள் பெயர் என்ன, கணவர் எங்கே வேலை செய்கிறார், எப்போது கல்யாணம் நடந்தது என்பவற்றுக்கு வாய் தடுமாறாமல் பதில் வந்தால், அங்காராவில் எழுந்த சந்தேகம் உங்கள் கோப்பில் எழ இடமில்லை. கணவரோடு தொலைபேசியில் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் அந்த மொழியிலேயே பேசுங்கள். வகுப்பைவிட அது நன்றாக வேலை செய்யும்.

மறுப்பு வந்தால் என்ன செய்வது என்பதில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. அந்தப் பெண் 2011 நவம்பரில் தூதரகத்துக்கு அனுப்பியது போன்ற மறுபரிசீலனை மனு இப்போது இல்லை. 2025 ஜூலை 1 முதல் உலகம் முழுவதும் ஜேர்மன் தூதரகங்களில் அந்த வழி நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது இருப்பது இரண்டு வழி: புதிதாக விண்ணப்பிப்பது, அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது. மேன்முறையீட்டு விபரம் அச்சிட்ட மறுப்புக் கடிதம் என்றால் வழக்குக்கு ஒரு மாதம்தான். கடிதம் கிடைத்த திகதியை உறையிலேயே எழுதிவையுங்கள், உறையைக் கிழித்தெறியாதீர்கள். சட்டத்தரணி பிடிப்பது ஜேர்மனியில் இருக்கும் கணவரின் வேலை. அவர் லீவு எடுத்தாவது அந்த வாரமே போகவேண்டும்.

தோற்ற பரீட்சையின் புள்ளித்தாளையும் எறியவேண்டாம். 60 வேண்டிய இடத்தில் 52, பிறகு 55, பிறகு 57 என்று மூன்று தாள் இருந்தால், விண்ணப்பிக்கும் பெண் முயன்றார் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. பகுதிவாரியாக எவ்வளவு என்பதும் அதில் இருக்கும். பேச்சில் 20, எழுத்தில் 6 என்றால், அதைக் கடிதத்திலேயே எடுத்துக்காட்டி, இவருக்குப் பேச வருகிறது, எழுத்துத்தான் வரவில்லை, பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றது என்று எழுதுங்கள். அங்காராக் கோப்பில் 14.11 என்ற இலக்கம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் பேச்சுக்கு எவ்வளவு என்று அந்தக் கருமபீடத்தில் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.